மோட்டார் தண்ணீரில் மங்கிய நீலம்

தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று காட்டும் நானோ துகள்களோடுதான் என் பிழைப்பு. ஊதா விளக்கடியில் அவை நீலமாக ஒளிரும். மருந்து இருந்தால் ஒளி மங்கிவிடும். ஆய்வகத்தில் செய்து காட்டினால் கைதட்டுவார்கள். எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்தில் என் அண்ணனுக்குச் செய்து காட்டினேன்.

எங்கள் வயலோரத்து மோட்டார் தண்ணீர்தான் அப்போது வீட்டுக்கும் குடிதண்ணீர். அதைத் துகள்கள் இருந்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றி விளக்கைக் காட்டினேன். நீலம் மங்கியது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமே எரியல பாரு. சுத்தமான தண்ணி!"

"எரிஞ்சாத்தாண்ணா நல்ல தண்ணி."

சிரிப்பு நின்றது. ஆய்வகத்துப் பெரிய கருவியில் பார்த்தபோதும் மருந்து இருப்பது உறுதியானது. அந்த வாரமே வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரத் தொடங்கியது. என் பேச்சை ஒருமுறையாவது கேட்டானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுவடை முடிந்து, அடுத்த நடவின்போதுதான் மறுபடி ஊருக்குப் போக முடிந்தது. நாற்று நட வந்த பெண்கள் மோட்டார் குழாயடியில் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் கத்தினேன்.

"மெதுவா பேசுடி. சொன்னா நாளைக்கு நடவுக்கு யாரு வருவா? நம்ம நெல்ல எவன் வாங்குவான்?"

"அவங்களுக்கும் ஒரு கேன் வையேன்."

"திடீர்னு வச்சா இன்னான்னு கேக்க மாட்டாங்களா?"

இத்தனை வருஷம் படித்துக் கிழித்தது எங்கள் வீட்டு நாலு வாய்க்கு மட்டும் உதவியிருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் போகவில்லை.

அவன் தடுக்கத் தடுக்க, வீட்டுக் கேனையே தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போனேன். இடுப்பு ஒடிந்துவிட்டது.

"இந்தக் குழாய்த் தண்ணிய குடிக்காதீங்கக்கா. மருந்து கலந்திருக்கு. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். அதான் வூட்ல கேன் வாங்கறோம்."

வருஷக்கணக்காக எங்கள் வயலில் நடவு நடும் அக்கா, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தபடி கேனையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அறுப்புக்கு வந்தப்பவே ஒங்க வூட்டு வாசல்ல கேனு இருந்துச்சே பாப்பா. யாருக்கோ ஒடம்பு சரியில்ல போலன்னு, பாவம்னு பேசிக்கினோம்."