கொலு முடியும் வரை

அக்காவின் செம்பூர் வீட்டில் அந்த வருஷம் கொலு வைத்தது நான்தான். புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் கிடந்தபடியே அவள் அதிகாரம் செய்தாள். தசாவதார செட்டில் வராகத்தையும் நரசிம்மத்தையும் மாற்றி வைத்ததற்கு, அந்த நிலையிலும் எனக்குத் திட்டு விழுந்தது.

வலிக்கு மார்ஃபின் கொடுத்திருந்தார்கள். அளவைக் கூட்டினால் வலி அடங்கும், ஆனால் மயக்கத்திலேயே இருப்பாள், மூச்சும் மந்தமாகலாம் என்றார் டாக்டர். கூட்டவே கூடாது என்றுவிட்டாள் அக்கா. பண்டிகை நாளில் வீட்டில் சாவு விழுந்தால் அப்புறம் அந்தப் பண்டிகையே கிடையாது; அதே நாளில் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால்தான் திரும்ப எடுக்கலாம். அவளுக்கு இருந்தது ஒரே பெண்.

"தூக்கத்துலயே போயிட்டேன்னா இவளுக்குக் கொலு நின்னுடும்டி. தசமி வரைக்கும் பெருமாள் என்னை வெச்சிருந்தா போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்றியாகிப் பூமியையே தூக்கி வந்தவருக்கு, ஆமையாகி மலையைச் சுமந்தவருக்கு, இவள் வலியைக் குறைக்க ஒரு அவதாரம் கிடைக்கவில்லையா? அவளிடமே கேட்டேன். அவர் உலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ அடுப்பில் சுண்டலைப் பார் என்றாள்.

சாயங்காலம் தாம்பூலம் வாங்க வந்தவர்கள் ஹாலில் பாடுவார்கள். உள்ளே அவள் தலையணையைக் கடித்துக்கொண்டிருப்பாள். பாட்டு நின்றால் முனகல் கேட்கும். காலேஜில் படித்துக்கொண்டிருந்த பெண், அம்மாவின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள்கூட ஹாலுக்கு வரவில்லை.

விஜயதசமியன்று வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தோம். அதற்குப் பிறகுதான் அக்கா கூடுதல் மருந்துக்கு வாயைத் திறந்தாள். ஏகாதசி முழுக்கத் தூங்கினாள். துவாதசி காலையில் போய்விட்டாள். பெருமாள் அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

துக்க வருஷத்தில் கொலு இல்லை. அதற்கடுத்த நவராத்திரிக்கு, கிங்ஸ் சர்க்கிளில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போய், பரணிலிருந்து பெட்டிகளை இறக்கலாமா என்று அவள் பெண்ணிடம் கேட்டேன்.

"நஹி சித்தி, வேண்டாம். அந்தப் பொம்மையைப் பாத்தாலே அம்மா முனகறது கேக்கறது. நீயே எடுத்துண்டு போயிடு."

என் புகுந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. இருந்தும் பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு சுனாபட்டியில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பினேன். அக்கா பட்ட அவ்வளவு வலியும் வீண் என்று வழியெல்லாம் அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.