சுரங்க வாசலில் ஒரு குரல்

போன ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "மேடம், ஒரு நிமிஷம்."

எங்கள் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டும் முருகையன். தட்டாஞ்சாவடிக்காரர். தினமும் கம்பெனி பஸ்ஸில் பார்ப்பேன். ஆனால் பேச்சு என்று பெரிதாக இருந்ததில்லை.

என் வேலையைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் இன்டர்னல் கம்யூனிகேஷன். கம்பெனி தன் ஆட்களிடமே பேசுவதற்கு ஒரு டிபார்ட்மென்ட்... ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் போடுவது மாதிரிதான். போஸ்டர், மாதப் பத்திரிகை, ஜி.எம்.மின் பொங்கல் வாழ்த்து எல்லாம் நான் எழுதுவது. எதை வெளியிட்டாலும் மேலிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் போகும். அதில் 'தொழிலாளர்களிடையே நல்ல வரவேற்பு' என்று கட்டாயம் ஒரு வரி இருக்கும். பத்திரிகையில் போண்டா மடித்துத் தின்பதைப் பார்த்த பிறகும் அந்த வரியைக் கைகூசாமல் எழுதியிருக்கிறேன்.

முருகையன் விஷயத்துக்கு வந்தார். "கேட்டுல பாடுற ரெக்கார்ட மாத்தப் போறீங்களாமே?"

ஆமாம், பேச்சு நடக்கிறது. ஷிப்ட்டுக்கு ஆட்கள் சுரங்க கேட்டில் நுழையும்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் குழந்தை பேசும் — "அப்பா, பெல்ட் போட்டியா? பாத்து ஓட்டுப்பா." பல வருடங்களுக்கு முன்னால் ஊழியர்களின் பிள்ளைகளை வைத்து நான் பதிவு செய்தது. இப்போது ஹெட் ஆபீஸ், கணீர்க் குரலில் மியூசிக்கோடு புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறது. பழையதை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள்.

"அது எம்பொண்ணு கொரலு மேடம்."

எனக்கே மறந்துபோயிருந்தது. அந்தப் பெண் வளர்ந்து, பிள்ளைச்சாவடிப் பையன் ஒருவனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டதாம். இவருக்கு அதில் சம்மதமில்லை. அதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பிள்ளைச்சாவடி என்ன கண்காணாத தேசமா அண்ணா? பஸ் ஏறினா வந்துடப்போவுது. போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"வாசப்படி மிதிக்காதன்னு சொன்னது நாந்தான் மேடம். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?"

மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு வழி சொன்னேன். "அந்த ரெக்கார்ட உங்க போன்ல போட்டுத் தரட்டுமா? எப்ப வேணா கேட்டுக்கலாம்."

அவர் யோசிக்கவே இல்லை. "போன்ல வாணாம் மேடம். அது நானா அழுத்திக் கேக்கறது. கேட்டுல... அதுவா கூப்புடுது."

பேச்சை வைத்தே பிழைப்பு நடத்துகிறேன், என்ன பிரயோஜனம்? பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மீன் வாங்காமலே போய்விட்டார்.

ஒரு பழைய ரெக்கார்டை எடுக்காமல் விடுவதால் அப்பாவும் மகளும் ஒன்று சேர்ந்துவிடுவார்களா? மாட்டார்கள். அவர் பஸ் ஏற வேண்டும், அல்லது அந்தப் பெண் ஏற வேண்டும். அதற்கு எங்கள் டிபார்ட்மென்ட் எந்த போஸ்டரும் அடிக்க முடியாது. அதுவரைக்கும் அந்த மனிதர் தினம் ஒரு தடவை 'அப்பா' என்ற வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு வண்டி ஏறட்டுமே. கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

திங்கட்கிழமை மேலிடத்துக்கு எழுதினேன்: 'பழைய பதிவுக்குத் தொழிலாளர்களிடையே நல்ல வரவேற்பு. மாற்ற வேண்டாம்.'

இத்தனை வருடமும் யாரையும் கேட்காமல் எழுதிய வரி. இந்த முறை ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்!