வராத பிள்ளையின் வாசல் வரை நடந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்புடையீர், உங்களை நான் சாட்சிகளாக அழைக்கிறேன். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை செல்லும் சாலையில், பள்ளி விட்ட பின்னும் பேருந்து ஏறாமல், குடையும் ஒரு சிறு நோட்டுமாகக் குடிசைகளை நோக்கி நடந்த ஒரு பெண்மணியை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். அவர்தாம் என் அக்கா. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. மேடையில் சொல்லுக்குத் தட்டுப்பாடு அறியாத நான், இந்தச் சில பக்கங்களுக்காகப் பல நாட்கள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

அக்கா தாம்பரத்தில் பிறந்தவர். தந்தையார் தபால் பட்டுவாடா செய்து எங்களை வளர்த்தார். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஆண்டிலேயே தந்தையார் மறைந்தார். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது; நான் அரைக்கால் சட்டை அணிந்த சிறுவன். கல்லூரிக்கென வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை நிரப்பாமலே பெட்டியில் வைத்துவிட்டு, அக்கா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். அறுபதுகளின் நடுவில், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய ஓர் ஈராசிரியர் பள்ளியில் பணியேற்றார். திருமணப் பேச்சு வந்த போதெல்லாம், "தம்பி படிச்சு முடிக்கட்டும்மா" என்பதே அவர் பதில்.

அந்தப் பள்ளியில் பெயர்ப் பதிவேடு நிறைந்திருக்கும். பலகைகள் காலியாக இருக்கும். கோரை அறுக்கும் பருவம் வந்தால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். வராதவனைத் தூக்கிவர நான்கு பெரிய பையன்களை அனுப்புவதும், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எல்லோருக்கும் 'பிரசன்ட்' போட்டுவிடுவதும் அங்கே நெடுநாள் வழக்கம். அக்கா இரண்டையும் நிறுத்தினார். வராத பிள்ளையின் வீட்டுக்கு அவரே போனார். எதனால் வரவில்லை என்பதைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். நீண்ட நாள் கழித்துத் திரும்பும் பிள்ளையிடம் "ஏன் வரல?" என்று கேட்கவே மாட்டார். அன்று பள்ளி மணியை அடிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்குத்தான்.

"டீச்சர், நானும் ஒரு வாரம் லீவு போட்டுகினு வரேன். மணி எனக்குத் தருவீங்கல்ல?" என்று ஒருவன் கேட்டானாம்.

"போட்டுப் பாருடா. நாலாம் நாள் உங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து உங்கம்மா கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டு, உன் கணக்கு மார்க்க பூரா சொல்லிட்டு வரேன்."

"ஐயோ, மணியே வாணாம் டீச்சர்!"

இதைச் சொல்லிச் சொல்லி அக்கா வீட்டில் சிரிப்பார்.

நான்காம் வகுப்பில் அஞ்சலை என்றொரு சிறுமி. அவள் தாய் கன்னியம்மா கோரை அறுப்பவர், கணவனை இழந்தவர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் அஞ்சலை மாதக்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை. "குழந்தையையும் தூக்கிட்டு வரட்டும்" என்றார் அக்கா. பள்ளித் தாழ்வாரத்து உத்தரத்தில் அக்காவின் பழைய சேலை தூளியாயிற்று.

"இது ஸ்கூலா, புள்ளத் தொட்டிலா டீச்சர்?" என்று தலைமையாசிரியர் கடிந்தார்.

"தூளிய அவுத்தா அந்தப் பொண்ணும் போயிடும் சார். ரெண்டையும் சேத்துத்தான் வச்சுக்கணும்."

அஞ்சலை இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் வந்தாள். அவளை நிறுத்தியது வறுமையன்று. என் நாக்கு.

கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியில் அப்போது நான் கோப்பை வென்றிருந்தேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்புரையாற்ற அழைத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பெற்றோரே குற்றவாளிகள் என்று முழங்கினேன். பேச்சில் எடுத்துக்காட்டு கண்முன் நிற்க வேண்டும் என்பது நான் கற்ற பாடம். முன்பொரு நாள் வீட்டில் சாப்பாட்டின் போது அக்கா கவலையோடு சொன்னதை எடுத்துக் கொண்டேன். "பெற்ற மகளையே தாதியாக்கிய தாய் இந்த ஊரில் இருக்கிறாள்! பெயர் கன்னியம்மா!" என்றேன். கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனதை நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்தார்.

மறுநாள் முதல் அஞ்சலை வரவில்லை. அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனார்.

"உங்கள ஒண்ணும் சொல்லல டீச்சரம்மா," என்றாராம் கன்னியம்மா. "உங்க தம்பி மைக்ல என் பேர இழுத்து வுட்டாரு. கோர அறுக்கற எடத்துல, 'இன்னா தாதியம்மா'ன்னு கூப்புட்டுகினு சிரிக்கறாளுங்க. பொண்ணு எந்த மூஞ்ச வச்சிகினு வரும்?"

அன்று மாலை அக்கா என்னிடம் கோபப்படவில்லை. "நல்லாத்தான் பேசின தம்பி. யாரப் பத்திப் பேசறியோ, அவங்க அங்க உக்காந்திருப்பாங்கன்னு நினைக்கலியே. நாளைக்கு என்கூட வா. மன்னிப்பு கேட்டுடு."

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியேக்கா," என்றேன்.

நான் போகவில்லை. அடுத்த போட்டி முடியட்டும் என்றேன். பிறகு பரீட்சை என்றேன். அக்கா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், மூடிய கதவின் முன் நின்றுவிட்டு வந்தார். பதிவேட்டில் அஞ்சலையின் பெயரை அடிக்க வேண்டிய நாள் வந்தபோது, இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்படி தலைமையாசிரியரிடம் மன்றாடினார். அந்த மாதத்தில்தான் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது.

மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். யார் பார்க்க வந்தாலும், "அஞ்சலை வந்தாளா?" என்பதே கேள்வி. கடைசி நாட்களில் ஒரு நாள் தலைமையாசிரியர், நோயாளியின் மனம் ஆறட்டும் என்று, "வந்துட்டா டீச்சர்" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "யார் பக்கத்துல உக்காந்தா சார்?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கட்டிலருகே நின்றிருந்த நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ வெளியே போனேன்.

நன்றி கூறும் கடமை எனக்கு உண்டு. நாள்தோறும் கஞ்சி வைத்து மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு மாமிக்கு நன்றி. முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்க்கு நன்றி. அக்காவின் சொல்லுக்கு மதிப்பளித்து அந்தப் பெயரை அடிக்காமல் வைத்திருந்த தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி. பதினோரு காலைகள் என்னை வாசலில் நிறுத்தி வைத்து, பன்னிரண்டாம் நாள் மகளையும் குழந்தையையும் என்னோடு அனுப்பிய கன்னியம்மா அவர்களுக்கு, என் ஆயுள் உள்ளவரை நன்றி. அக்கா அதைக் காணவில்லை. அந்தத் துயரத்துக்கு ஆறுதல் கூற எவராலும் இயலாது.

நான் அந்த வாசலில் நின்ற காரணம், அக்காவின் நல்லடக்கத்துக்கு வந்திருந்தோர்க்குத் தெரியும். வர இயலாதவர்களுக்காக எழுதுகிறேன். குடும்பத்தின் சார்பில் பேச என்னை அழைத்தார்கள். எழுதி வைத்திருந்த உரை சட்டைப்பையில் இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாயிலருகே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கன்னியம்மா அழுதுகொண்டிருந்தார். அஞ்சலை அவர் சேலையைப் பற்றியிருந்தாள். நான் கூட்டத்தைக் கடந்து அவர்முன் போய் நின்றேன்.

"இன்னும் இன்னா பேசப் போற?" என்றார் அவர். "வந்து கூப்புட்டுகினு இருந்த ஒரு மனுஷியும் போயிட்டா."

எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "தப்பு என்னுதும்மா. மைக்ல சொன்னது தப்பு. நாளைக்குக் காலையில உங்க வாசலுக்கு வரேன். நீங்க கதவத் திறக்கலேன்னா மறுநாளும் வரேன். அஞ்சலை ஸ்கூலுக்குப் போற வரைக்கும் எந்த மேடையிலயும் ஏற மாட்டேன்."