அஸாம் வாள் எடுத்த கதை

காத்தான்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அஸாமுக்குப் பயம், காய்ச்சலைப் போல வந்து போகிற ஒன்றல்ல. அது அவனோடு கூடவே குடியிருந்தது. கடைவாசலில் யாராவது சைக்கிளைச் சடாரென்று நிறுத்தினால், கையிலிருக்கும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பான். நாற்பது தாண்டிய ஆள், இரண்டு பெண் பிள்ளைகளின் வாப்பா. ஊரில் யாரோடும் ஒரு வாய்ச்சண்டைகூடப் போட்டதில்லை.

கத்தாரில் கண்ணாடிக் கடையில் வேலை செய்த காலத்தில், அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் அவனுக்கு ஒரு விளையாட்டைப் பழக்கிவிட்டான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவை உடைக்கிறேன், மரத்தில் ஏறுகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நினைத்தது நடக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஊருக்குத் திரும்பும்போது அந்த விளையாட்டின் தடித்த விதிப்புத்தகங்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான்.

2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவை அவன் வீட்டில் இல்லை. முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்கள் அவை. பக்கத்துத் தெருவில் ஒருவரைத் தேங்காய் வெட்டும் கத்தி வைத்திருந்ததற்காகப் பிடித்துக்கொண்டு போனார்களாம் என்று ஒரு கதை அடிபட்டது. உண்மையோ பொய்யோ, கேட்டதும் அஸாமுக்கு அந்தப் புத்தகங்கள் நினைவு வந்தன. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தான். அட்டையில் வாள் ஏந்திய ஒருவன். உள்ளே கோட்டைகளின் வரைபடங்கள். நெருப்பை எறிவது எப்படி என்று ஒரு முழு அத்தியாயம். அவனுக்கு அது விளையாட்டு. சோதிக்க வருகிறவருக்கு? மனைவி அஸீமா அடுப்பை மூட்ட, அவன் தாள் தாளாகக் கிழித்துக் கொடுத்தான். பகடைகளைக் கிணற்றில் போட்டான்.

பிறகு வந்தவர்கள் அலுமாரியைப் பார்த்தார்கள், தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், போய்விட்டார்கள். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனாலும் அன்று உள்ளே வந்த பயம் அவர்களோடு எழுந்து போகவில்லை.

வருடங்கள் கழித்து, கண்ணாடி மாற்ற நிதுர்ஷன் வந்தான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளன். முன்பு ஊரில் அஸாமோடு விளையாடியவன். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவனை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, புதுப் பதிப்பு வந்திருக்கு. நான் எடுப்பிச்சிட்டன். ஞாயிறு பின்னேரம் வீட்ட வாங்களன்."

அஸாம் கடைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"மெதுவாப் பேசு தம்பி."

இருந்தும் போனான். ஆசை அவ்வளவு இருந்தது. மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் நிதுர்ஷனின் வீடு. அவன் மனைவி நிருஷாவும், அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஏறாவூர் றுமைஸா டீச்சரும் மற்ற ஆட்டக்காரர்கள். கதையை நடத்துவது நிதுர்ஷன்.

பழைய பதிப்பில் பாத்திரத்தைப் பகடையே உருவாக்கிவிடும். விழுந்தது விழுந்ததுதான், யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. புதிய பதிப்பில் குலம், தொழில், ஆயுதம், பழைய வாழ்க்கை என்று எல்லாவற்றையும் ஆட்டக்காரரே தெரிந்தெடுத்து, ஒரு தாளில் தன் கையால் எழுத வேண்டும். றுமைஸா பத்து நிமிடத்தில் மந்திரக்காரி ஆனாள். நிருஷா வேடுவப் பெண்ணானாள். அஸாமின் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

மந்திரக்காரன் என்றால், ஊரில் ஒருவர் கண்டால் சூனியம் செய்கிறான் என்பார். வேவுகாரன் என்ற சொல்லைப் படித்ததுமே பக்கத்தைப் புரட்டினான். திருடன் என்று தன் கையெழுத்தில் எழுதுவதா? வாள்வீரனுக்குப் பக்கத்தில் வாளின் நீளம்கூடப் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவன் உள்ளங்கையால் மூடினான்.

"பாட்டுக்காரன் எடுங்களன் நானா. அவனால ஆருக்கு என்ன கரைச்சல்?" என்றாள் நிருஷா.

"பாட்டுக்காரன்ட சத்தம் எல்லார்ர காதிலயும் விழும் தங்கச்சி."

அவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு மாதம் இப்படியே போனது. மற்றவர்கள் விளையாட, அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு, நிதுர்ஷன் வீட்டு வேலிப் படலைக்கு முன்னால் ஜீப் ஒன்று வந்து நின்றது. பொலிஸ்காரர் ஒருவர் முதலில் இறங்கினார். மேசையில் றுமைஸாவின் தாள் விரித்தபடி கிடந்தது. அஸாம் யோசிக்காமல் அதன்மேல் முழங்கையை வைத்தான். வாசலுக்கு வந்துவிட்ட பொலிஸ்காரர் அந்த அசைவைக் கண்டார்.

"டெங்கு சோதனை," என்றார் பின்னால் வந்த சுகாதாரப் பரிசோதகர். நிதுர்ஷன் அவரை வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குள் கூட்டிப்போனான். பொலிஸ்காரர் போகவில்லை.

"அதென்ன, கைக்குக் கீழ?"

"விளையாட்டு சேர்." தன் குரல் யாருடையதோ போல அஸாமுக்குக் கேட்டது.

"எடுங்க பாப்பம்."

முழங்கை எழ மறுத்தது. பொலிஸ்காரரே தாளை உருவி எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். "நெருப்புக் குண்டு. முப்பது அடி தூரம்."

சட்டைப்பையில் கடைப் பூட்டின் திறப்பு இருப்பது அஸாமுக்கு நினைவு வந்தது. அஸீமாவுக்கு யார் சொல்வார்கள்? பிள்ளைகளை மதரசாவிலிருந்து யார் கூட்டி வருவார்கள்?

"அது என்ட தாள் சேர்," என்றாள் றுமைஸா, வகுப்பில் வரவு கூப்பிடுகிற அதே குரலில். "நான் மந்திரக்காரி. இவ வேடுவத்தி. அந்தா, அங்க கிடக்கிறதுதான் பகடை."

பொலிஸ்காரர் இருபது முகப் பகடையை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இவர் ஆரு?"

"அவர் இன்னும் ஒண்டும் எடுக்கல்ல. ஒரு மாசமா யோசிக்கிறார்."

"ஒண்டும் எடுக்காம எப்பிடி விளையாடுற?" என்று அவர் அஸாமிடம் கேட்டார். உண்மையாகவே அறிய விரும்புகிறவர் போலத்தான் இருந்தது.

அதற்குள் வளவுக்குள்ளிருந்து பரிசோதகர் கூப்பிட்டார். பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் புழுப்போல நெளிந்துகொண்டிருந்தன. பொலிஸ்காரர் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்தமுறை கண்டால் வழக்குத்தான் என்று நிதுர்ஷனை எச்சரித்துவிட்டு ஜீப் கிளம்பியது.

அஸாம் கிணற்றடிக்குப் போய் ஓங்கரித்தான். நிருஷா தண்ணீர் அள்ளி ஊற்றினாள். முகம் கழுவி வந்து உட்கார்ந்தவன், நடுங்கும் கையாலேயே பென்சிலை எடுத்தான். கோணலும் மாணலுமாக எழுதினான்: வாள்வீரன்.

"என்ன நானா, திடீரெண்டு?" என்றான் நிதுர்ஷன்.

"ஒண்டும் எடுக்காமலே இவ்வளவு நடுங்கிட்டன் தம்பி. ஏதாவது ஒண்ட எடுத்துப்போட்டு நடுங்குவமே."

பயம் போய்விட்டதாக அவன் சொன்னதில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை. அது நிதுர்ஷனிடமே இருக்கிறது. அவனுடைய வாள்வீரன் ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். ஆனால் எதிரி வந்துவிட்டால், "நான் முன்னுக்கு நிக்கிறன்" என்று முதலில் சொல்கிறவனும் அவன்தான்.

தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அஸாமின் பேச்சு அப்படியே நின்றுபோகும். மற்ற மூவரும் காத்திருப்பார்கள். சத்தம் தேய்ந்து கடந்ததும் நிதுர்ஷன், பிறகு என்ன நடந்தது என்று கேட்பவனாக, "மறுகா?" என்பான். அஸாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.