ஃபிலிமை மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள்

என் மருமகன் எந்த வீடியோவையும் சுருக்கித்தான் போனில் அனுப்புவான். இங்கே நெட் அவ்வளவுதான். "கொஞ்சம் குவாலிட்டி போகும் அத்தே, பரவால்ல" என்பான். எது போகும் என்று கேட்டால் முழிப்பான். போவது எது என்று தெரியாதவன் பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தத் தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் குடியிருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் அரசாங்க வேலை. மகளுக்கு ஆறு வயது, வலிப்பு வரும். கப்பலேறி மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உடம்புல எந்தப் பக்கம் முதல்ல இழுக்குது?" நான் இடது என்றேன். இவர் வலது என்றார். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அது தெரியாமல் மருந்தை மாற்ற மாட்டாராம். பழைய மாத்திரை அவளை நாளெல்லாம் தூங்க வைத்ததே தவிர வலிப்பை நிறுத்தவில்லை. கிளம்பும்போது, "யார்கிட்டயாவது சினிமா கேமரா இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தது. மதுரைப் பக்கத்துக்காரர், பேச்சில் இந்தி கலக்கும். சாவி திருகி ஓட்டும் சின்னக் கேமரா. தன் புது வீட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் தீர்த்துவிட்டு, மிஞ்சியிருந்த ஃபிலிமோடு எங்களிடம் கொடுத்தார். வேறு ஃபிலிம் மெயின்லேண்டிலிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கேமராவின் பக்கத்தில் ஒரு திருகு: எட்டு, பதினாறு, இருபத்துநாலு. ஒரு நொடிக்கு அத்தனை படம். இருபத்துநாலில் வைத்தால் அசைவு துல்லியமாக விழும். மிச்சமிருந்த ஃபிலிம் அரை நிமிடத்தைத் தாண்டாது. எட்டில் வைத்தால் மூன்று மடங்கு நேரம் ஓடும்; ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நடப்பது போய்விடும், வேகமாக அசைவதெல்லாம் கலங்கிவிடும்.

"எட்டுல வையி தங்கச்சி. ஃபிலிமும் மிச்சம், முழுசும் விழுந்துரும்" என்றார் கான்ட்ராக்டர்.

"கை எது வாய் எதுன்னு தெரியுமாண்ணே?"

"அரே, போன தடவை எட்டுலதான் எடுத்தேன். எம் பொண்டாட்டி கோழி மாதிரி ஓடுறா. ஆனா ஆளு தெரியுதா இல்லியா? பஸ், அவ்வளவுதான!"

இவரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஒண்ணரை நிமிஷம் இழுக்குது புள்ளைக்கு. அரை நிமிஷத்தக் கொண்டுபோயி டாக்டர் மூஞ்சில காட்டவா?"

"அவர் கேட்டது ஆரம்பத்தை. நீங்களும் நானும் அடிச்சிக்கிட்டதும் அதுக்குத்தான்."

"ஆரம்பம் எப்ப வரும்னு உனக்குத் தந்தி வருமா?"

வரும். விழுவதற்கு முன் அவள் சும்மா வாயைச் சப்புக்கொட்டுவாள். அதற்கும் இழுப்புக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம்தான். முந்தினால் ஃபிலிம் வீண். பிந்தினால் எல்லாமே வீண். நான் திருகை இருபத்துநாலில் வைத்து, சாவியை முழுக்கத் திருகினேன்.

வெளிச்சம் இருந்தால்தான் படம் விழும். அதனால் தினமும் அவளை முற்றத்து வெயிலில் பாயில் உட்காரவைத்தேன். மெல்லும் வாய் ஏமாற்றிவிடும் என்று அங்கே தின்ன எதுவும் கொடுக்கவில்லை. வாய் அசைந்தால் என் விரல் கேமராப் பொத்தானுக்குப் போனது. இருட்டிய பிறகு வந்தது. மழையில் வந்தது. வெயிலில் வரவில்லை. வரக் கூடாது என்று சாமி கும்பிட்ட அதே வாயால், வந்து தொலையேன் என்று சொன்னேன். பெற்ற பிள்ளைக்கு வலிப்பு வரவேண்டும் என்று காத்திருப்பது என்னவென்று காத்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதற்குள் ஒரு காலையில் சப்புக்கொட்டினாள். அழுத்தினேன். அவள் சாய்ந்தாள். இவர் வழக்கம்போல் கையைப் பிடிக்க ஓடிவந்தார்.

"தொடாதீங்க! மறைக்காதீங்க!"

"பேயாடி நீ? புள்ளயப் புடி!"

"கையத் தொட்டீங்கன்னா கொன்னுடுவேன்!"

அவர் அப்படியே நின்றுவிட்டார். சாவி தளர்ந்து கேமரா தானாக நிற்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அதைப் பாயில் எறிந்துவிட்டு அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். மிச்ச இழுப்பு முழுவதும் என் மடியில் நடந்தது. அது எந்த ஃபிலிமிலும் இல்லை.

மெட்ராஸில் ஃபிலிமைக் கழுவி வாங்கிக்கொண்டு போனோம். மகளை வராந்தாவில் ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டார். இருட்டறையில் சுவரில் அவள் விழுந்தாள். டாக்டர் திரும்ப ஓட்டினார். மறுபடியும் விழுந்தாள்.

"மீதி எங்கம்மா?"

"அவ்வளவுதான் சார்."

இவர் என்னை முறைத்தது இருட்டிலும் தெரிந்தது. டாக்டர் இன்னொரு முறை ஓட்டினார். போதும், நிறுத்துங்கள் என்று கத்தத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இடது கை கட்டைவிரல்" என்றார். "உள்ள மடங்குது, பாருங்க. அப்புறந்தான் வாய் கோணுது. இது போதும், மீதி எனக்கு வேண்டாம்."

விளக்கைப் போட்டு வேறு மருந்து எழுதினார்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார் இவர், வெளியே வந்து.

"வாய மூடிக்கிட்டு மருந்துக்கடையத் தேடுங்க" என்றேன்.

வலிப்பு முழுக்க விடவில்லை. குறைந்தது. மகள் பகலில் விழித்திருந்தாள், தெருப் பிள்ளைகளோடு சண்டை போட்டாள், என்னை எதிர்த்துப் பேசினாள். நான் ஒரு அடி கூட அடிக்கவில்லை.