ஆறு பலகைத் தூணும் மூன்று விரலும்

லேத்தில் சுற்றிக்கொண்டிருந்த மேஜைத் தூணிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. முகத்துக்கு முன்னால் நான் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீல்டில் அடித்து, தெறித்து, பின்னால் இருந்த தகரச் சுவரில் டமாரென்று மோதியது. ஷீல்டு இல்லையென்றால் என் இடது கண் அன்றோடு போயிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வேர்க்கிறது என்று அதைக் கழற்றி வைக்கிறார்கள். கழற்றுகிறவன் மடையன். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஈஜோக்கில் ஒரு மரச்சாமான் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கடைசல் வேலை செய்கிறேன். அந்தத் தூண் தஞ்சோங் காராங்கில் புதிதாகத் திறக்க இருந்த ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்கு. பன்னிரண்டு பேர் உட்காரும் வட்ட மேஜை, நடுவில் ஒரே கால். அந்தப் பருமனுக்கு நல்ல ஒற்றைக் கட்டை கிடைக்காது. கிடைத்தாலும் காயும்போது வெடிக்கும். அதனால் ரப்பர் மரப் பலகை ஆறை இழைத்து, கம் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, முழுதாக ஒரு நாள் காயவிட்டு எடுப்போம்.

அதைக் கடைவது போல ஒரு வேலை எனக்கு வேறு கிடையாது. சதுரக் கட்டையாக ஏற்றும்போது லேத்தே குதிக்கும். உளி டக்டக்கென்று மூலைகளைத் தின்னும். உருண்டை வந்ததும் குதிப்பது சட்டென்று நின்றுவிடும். அப்போது வேகத்தைக் கூட்டலாம். சீவல் நாடா நாடாவாக வந்து தோளில் விழும். குமிழ் எடுக்கும்போது பலகை ஒட்டிய நேர்க்கோடுகள் வளைந்து, வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். யாரும் வரைவதில்லை. உளி இறங்க இறங்க அதுவாக வரும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குக் கத்தத் தோன்றுகிறது.

அன்று நடுக் குமிழுக்கு மேலே ஒரு பள்ளம் இறக்கினேன். கீழே இன்னொரு பள்ளம் இறக்கி முடிக்கிற நேரத்தில், குமிழின் வெளிப்பக்கத்துப் பலகை அப்படியே கழன்று பறந்தது.

கம் மேசை

பலகை ஒட்டுகிற கம் மேசைக்குப் பொறுப்பு பரமேஸ்வரி. கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள், ஆறு வருஷமாக எங்களோடு வேலை செய்கிறாள். லேத்தை நிறுத்திவிட்டு நேராக அவளிடம் போனேன்.

"ஏய் பரமேஸ், கம் போட்டியா, இல்ல எச்சி தொட்டு ஒட்டுனியா?"

"கம்தாண்ணே போட்டேன்."

"போட்டா ஏன் பறக்குது? கிளாம்ப முறுக்கத் தெம்பில்லன்னா வீட்ல போயி தோச சுடு!"

பட்டறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு எங்கள் முதலாளி, தவுக்கே, வெளியே வந்தார். சீனர், தமிழர்கள் வேலை செய்த தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். தமிழில்தான் எங்களைத் திட்டுவார்.

"என்னா லா சண்டை?"

நான் தூணைக் காட்டினேன். அவர் காயத்தைத் தடவிப் பார்த்தார். "அஞ்சி நாள்ல கடை தொறக்கறான் லா. போன மாசம் ஒரு மேஜ ஒட்டு விட்டுச்சி. இப்ப இது. பரமேஸ், இந்த மாசத்தோட போதும். வேற வேல பாத்துக்கோ."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் கேட்டேனேண்ணே அன்னிக்கு" என்றாள்.

"என்னத்தக் கேட்ட?"

"மறந்துட்டீங்க. சரி, விடுங்க."

பறந்த துண்டு

சாப்பிட்டுவிட்டு வந்ததும் அந்தத் துண்டைத் தேடினேன். கம் படாத இடத்தைக் காட்டி அவள் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் தேடினேன். பலகை அடுக்குக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன்.

கம் எல்லா இடத்திலும் படிந்திருந்தது. ஓரங்களில் பக்கத்துப் பலகையின் நாரும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது. அப்படியென்றால் அங்கே நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. நடுவில் மட்டும் மூன்று மஞ்சள் பட்டைகள். அதில் ஒரு நார்கூட இல்லை, வழவழவென்று இருந்தது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

மூன்று நாளுக்கு முன்னால் ஆயுத பூஜை. பட்டறையில் பூஜை செய்வது வருஷா வருஷம் நான்தான். லேத்துக்கு எண்ணெய் போட்டேன். அதே கையோடு சந்தனத்தைக் குழைத்து எல்லா மெஷினுக்கும் பூசினேன். சந்தோஷம் தாங்காமல், இழைத்து அடுக்கியிருந்த பலகையில் மேலாக இருந்ததற்கும் மூன்று விரலால் ஒரு இழு இழுத்தேன். மறுநாள் பரமேஸ் சுரண்டியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இதச் சுரண்டிட்டு ஒட்டவா?"

"சாமிக்கு வெச்சதச் சுரண்டுவியா? கை வெக்காத. அப்படியே ஒட்டு!"

அப்படியே ஒட்டினாள். எண்ணெய்ச் சந்தனத்தின்மேல் எந்தக் கம் பிடிக்கும்? இரண்டு பக்கமும் பிடித்திருந்த மரத்தை நான் பள்ளம் இறக்கி வெட்டிவிட்டேன். நடுவில் பிடிப்பு இல்லாத பலகை பறந்துவிட்டது.

பொய் சொல்ல மாட்டேன். அந்தத் துண்டை மரத்தூள் மூட்டைக்குள் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் லோரி வந்து தூளை அள்ளிக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. மூட்டைக்குப் பக்கத்தில்கூடப் போய்விட்டேன். அங்கிருந்து கம் மேசை தெரிந்தது. வேலை போன பொம்பளை, அடுத்த தூணுக்கு நல்ல பலகையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

துண்டை எடுத்துக்கொண்டு தவுக்கே அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பட்டைகளில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"உங்க சாமி ஒண்ணும் பண்ணல லா. உன் வாய்தான் பண்ணிச்சி. சரி, பரமேஸ் இருக்கட்டும். நீ போயி சொல்லு."

"நீங்க சொன்னா நல்லாருக்கும், தவுக்கே."

"நான் ஏன் சொல்லணும்? கத்தினது நீ."

பரமேஸ் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "தங்கச்சி, தப்பு என்னுது. தவுக்கேகிட்ட சொல்லிட்டேன். நீ போக வேணாம்."

அவள் நிமிரவில்லை. "மெஷின் ஓடுது. கேக்கல."

"தப்பு என்னுதுன்னு சொல்றேன்!"

"திட்டறப்ப எல்லா மெஷினும் நின்னுச்சிண்ணே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். எல்லாம் நின்றது. எட்டுப் பேரும் திரும்பினார்கள்.

"தூண் பறந்தது பரமேஸால இல்ல. சந்தனத்தப் பூசுனது நான். சுரண்டாதன்னு சொன்னதும் நான். அவளத் திட்டுனது தப்பு."

சாண்ட்பேப்பர் போடுகிற குமார் சிரித்துவிட்டான். "அண்ணனுக்கு இதெல்லாம் பேச வருமா?"

"உன் வேலயப் பாருடா!" என்றேன்.

பரமேஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கேட்டுச்சி. சுவிட்ச போடுங்க, கம் காயுது."

அன்றைக்கே புதுத் தூணை ஒட்டினாள். காயவிட்டு மறுநாளுக்கு மறுநாள் ஏற்றினேன். கீழ்ப் பள்ளத்துக்கு வந்தபோது பார்த்தால், துண்டு பறந்தால் மேலே விழுகிற அதே இடத்தில் பரமேஸ் வந்து நிற்கிறாள்.

"தள்ளி நில்லு!"

"நான் ஒட்டுனது பறக்காதுண்ணே."

நான் லேத்தை நிறுத்திவிட்டு இன்னொரு ஷீல்டை எடுத்து நீட்டினேன். போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். உளியை இறக்கினேன். கோடுகள் வளைந்தன, வட்டம் வட்டமாக விரிந்தன. பள்ளம் முடிந்தது. ஒன்றும் பறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். மேஜை கடை திறப்பதற்கு முதல் நாள் லோரியில் ஏறியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒட்டிய மரம் விட்டுப்போனால் பறந்த துண்டைத் தேடி எடுங்கள், திருப்பிப் பாருங்கள், வாயை அதற்கப்புறம் திறங்கள். முன்னாலேயே திறந்துவிட்டால், எத்தனை பேருக்கு முன்னால் கத்தினீர்களோ அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி தப்பை ஒப்புக்கொள்ளுங்கள். அரை நிமிஷ வேலைதான். இந்தப் பட்டறையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.