சுண்ணாம்பு அடித்த நீச்சல் குளம்

1991-இல் சித்திரை பிறப்பதற்கு முந்தைய வாரம் எனக்குத் தூக்கம் போனதே ஒரு நீச்சல் குளத்தால்தான். ஒரகடம் சாலையில் இருந்த எங்கள் கம்பெனியில் நான் கெமிஸ்ட். பாய்லருக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. தண்ணீர் என்ற ஒரே காரணத்துக்காக, குவார்ட்டர்ஸ் குளத்தையும் வருடா வருடம் என் தலையில் கட்டிவிடுவார்கள். மழைக்காலத்திலிருந்து காலியாகக் கிடக்கும் குளத்தைக் கழுவி நிரப்பி, கோடை விடுமுறைக்குத் திறப்பது வழக்கம். அந்த வருடம் சித்திரை ஒன்றாம் தேதி காலையில் திறப்பு என்று பர்சனல் மேனேஜர் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். முதலில் இறங்கப்போவது குழந்தைகள். அதில் என் மகனும் ஒருவன்.

குளத்துத் தண்ணீரில் கிருமி சாவதற்குக் குளோரின் இருக்க வேண்டும், காரம், அதாவது காரத்தன்மை, ஏறாமலும் இருக்க வேண்டும். காரம் ஏறினால் குளோரின் சரியாக வேலை செய்யாது. இன்னும் ஏறினால் தோலை அரிக்கும், கண்ணைப் பொசுக்கும். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினால் ஆரஞ்சு நிறம் வர வேண்டும். எனக்கு வந்ததோ பீட்ரூட் நிறம்.

ஆசிட் ஊற்றினேன். சாயங்காலம் ஆரஞ்சு வந்தது. விடிந்து பார்த்தால் மறுபடி பீட்ரூட். மறுபடி ஆசிட், மறுபடி ஆரஞ்சு, மறுபடி விடிந்தால் பீட்ரூட். மருந்துதான் பழசோ என்று புதுப் பாட்டிலைத் திறந்தேன். குளத்தை நிரப்பும் போர்வெல் தண்ணீரைத் தனியாகச் சோதித்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. குளத்துக்குள் வந்த பிறகுதான் அதற்கு என்னவோ ஆகிறது. என்ன என்று தெரியாமல் வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

திறப்பு நாள் காலையிலும் அதே கதைதான். படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கைவிட்டுச் சுவரைத் தடவினேன். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. பம்ப் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், ஒளிவுமறைவு தெரியாத மனுஷன்.

"சுவத்துல என்ன அடிச்சிருக்கீங்க?"

"சுண்ணாம்புதாம்மா. நீங்க தங்கச்சி கல்யாணத்துக்கு லீவுல போயிருந்தீங்களே, அப்போ கான்ட்ராக்டர் ஆளுங்க வந்து அடிச்சாங்கோ. எங்க ஊரு தண்ணித் தொட்டிக்கும் இப்டித்தான் அடிப்பாங்க. பாருங்க, இன்னா பளிச்சுனு கீது!"

சுண்ணாம்பு என்றாலே காரம்தான். ஊர்த் தொட்டியில் தண்ணீர் தினமும் மாறும். இது நின்ற இடத்திலேயே நிற்கிற தண்ணீர். நாலு சுவரும் தரையும் ராத்திரியெல்லாம் அதில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தண்ணீரை வடித்து, சுவரைச் சுரண்டினால் ஒழிய எத்தனை ஆசிட் ஊற்றினாலும் பிரயோஜனமில்லை.

வேட்டி சட்டையில் வந்து இறங்கிய மேனேஜரை வாசலிலேயே மடக்கினேன்.

"சார், இன்னைக்குத் திறக்க வேண்டாம். தண்ணியில காரம் ஏறிப்போயிருக்கு."

"நேத்து சாயங்காலம் நீங்கதானேம்மா சரியா இருக்குன்னீங்க?"

"ராத்திரிக்குள்ள ஏறிடுது சார். சுவத்துல சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க."

அவர் முகம் சுருங்கியது. அடிக்கச் சொன்னதே அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சுண்ணாம்ப வெத்தலையில தடவி வாயிலயே போட்டுக்கறோம். குளத்துல இருந்தா என்ன ஆயிடும்?"

"கண்ணுல தடவிப் பாருங்க சார், தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் எப்போதுமே இப்படித்தான். அதன் பிறகு அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தைகள் துண்டும் கையுமாக வந்துவிட்டார்கள். என் மகன் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், கரை ஓரத்தில் கால் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க நின்றான். ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். மற்றப் பிள்ளைகளை யார் பிடிப்பது?

இறங்குவதற்கு முன் புதுத் தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டுமே. மேனேஜர் வீட்டம்மா கற்பூரம் காட்டிவிட்டு, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைப் படியோரம் ஊற்றினார். மஞ்சளாக விழுந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகப் பரவியது.

"ஐயோ, ரத்தமாட்டம் கீதே!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். செம்பு கீழே விழுந்து உருண்டது. பிள்ளைகள் பின்வாங்கினார்கள்.

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "என்ன மருந்தும்மா போட்டு வெச்சிருக்கீங்க தண்ணியில?"

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆரத்தி கரைக்கிற அத்தனை பெண்களுக்கும் அது தெரியும், பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சொன்னால் என்ன நடக்கும்? "அட, ஆரத்திதானா, நல்ல சகுனம்" என்று சிரித்துக்கொண்டே பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள்.

"ஆமா சார். நான்தான் போட்டேன். அளவு கூடிப்போச்சு. கெட்ட மருந்து, யாரும் கால் வைக்கக் கூடாது. தண்ணிய வடிச்சே ஆகணும்."

அத்தனை பேர் முன்னாலும் அவர் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். படித்த பொம்பளைக்கு இதுகூடத் தெரியாதா என்றார், மெமோ வரும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வால்வைத் திறக்கப் போன பம்ப் ஆபரேட்டர் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மகன் மணிக்கட்டை உதறிக்கொண்டான். "எல்லாம் உன்னாலதான்" என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். மற்றப் பிள்ளைகளும் என்னைத் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள். வீட்டு வாசலில் மகன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, அழுததால் மட்டும்.

"ஆமாண்டா, என்னாலதான்" என்றேன்.